மாற்று என்று ஒட்டிய பேனா

அவளுக்குக் கையெழுத்தே ஒழுங்காக வராது. ஆனாலும் சலவைக்கூடத்தில் அவள் பெயர் பேனாக்கா. இடுப்பில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் இரண்டு பேனாக்கள். எழுதுகிற பேனா இல்லை. குளவி கொட்டினால் தொடையில் குத்திக்கொள்ள வேண்டிய ஊசிப் பேனா. புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருமுறை விவரம் தெரியாமல் கை நீட்டிவிட்டார்.

"அக்கா, சரக்குச் சீட்டுல ஒரு கையெழுத்துப் போடணும். அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க."

"இது எமன் வந்து கேட்டா நான் கையெழுத்துப் போடுற பேனா சார். உங்க சீட்டு தாங்காது, ஓட்டை விழுந்துடும்."

அந்த மேற்பார்வையாளர் இன்றைக்கும் அவளிடம் பேனா கேட்பதில்லை.

ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதி விரிப்பு என்று நகரத்தின் படுக்கைகளெல்லாம் அந்தக் கூடத்துக்குத்தான் வருகின்றன. நடுவில் ஆளுயர உருளை இஸ்திரி இயந்திரம். அதன் வாயிலிருந்து வெள்ளை விரிப்பு அருவி மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். நீராவியில் எதிரே நிற்பவரின் முகம் கரையும், திரும்பத் தெரியும், மறுபடி கரையும். கனவு மாதிரி இருக்கும் என்று சொன்னால் அங்கே வேலை செய்கிறவர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் அப்படித்தான் இருக்கும். எட்டு மணி நேரம் நின்று கால் வீங்கியவர்களும் அதை ஒத்துக்கொள்வார்கள், சம்பளம் அதனால் கூடாது என்றாலும்.

பேனாக்காவுக்கு மடிப்பு மேசையில் வேலை. அவளுக்கு எதிர்முனையில் நாத்தனார். கணவனின் தங்கை. பதினெட்டு வருஷமாக இருவரும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகள். இயந்திரம் போடுகிற இரைச்சலில் அங்கே யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. மடிப்புக்கு நாலே சொல். "பிடி" என்றால் மூலைகளைப் பிடிக்க வேண்டும். "இழு" என்றால் சுருக்கம் போக இழுக்க வேண்டும். விரிப்பின் தையல் ஓரம் தப்பான பக்கம் வந்திருந்தால் "திருப்பு". முனையோடு முனை மாற்றிப் பிடிக்க வேண்டும். கடைசியில் "வா". அப்போது ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வருவாள். வெள்ளைத் துணி நடுவில் தொய்ந்து, மடிந்து, சிறுத்து, இருவர் விரல்களும் தொடும். ஒரு நாளைக்கு நானூறு தடவை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளிலும் நானூறு தடவை.

"நேத்து என்னைப் பத்தி உங்க அண்ணன்கிட்ட என்னடி போட்டுக் குடுத்தே?"

"பிடிங்க அண்ணி."

"கேக்குறேன்ல?"

"இழுங்க."

இப்படியே எத்தனையோ சண்டைகள் மடிக்கப்பட்டு அடுக்கில் போயிருக்கின்றன.

முதல் கொட்டு பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். பின்கட்டில் குழாயடியில் ஒரு குளவி, கழுத்தில். ஐந்து நிமிஷத்தில் உதடு தடித்தது, தொண்டை அடைத்தது. கூடத்தின் வண்டியை ஓட்டுவது அவள் கணவன்தான். சலவை முடிந்து ஏற்றியிருந்த விரிப்புகளின் மேல் அவளைக் கிடத்திக்கொண்டு பறந்தான். பிழைத்தாள். முதலாளி வந்து பார்த்துவிட்டு, அந்த வண்டி விரிப்பு மொத்தத்தையும் திரும்பத் துவைக்கச் சொன்னார்.

அடுத்த கொட்டு இதைவிட மோசமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். பேனா இரண்டும் உடம்பை விட்டுப் பிரியக் கூடாது. உருளைப் பக்கத்தில் இடுப்பில் எதுவும் தொங்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். இரண்டு சட்டத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். பெண்கள் இயந்திரத்தை அரை மணி நேரம் நிறுத்தினார்கள். பை இடுப்பிலேயே இருந்தது. பழைய விரிப்புத் துணியில் அதைத் தைத்துக் கொடுத்தவள் நாத்தனார். பேனாவுக்குத் தேதி முடிந்தால் புதியதை எடுத்துப் பையில் போடுவதும் அவள்தான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஊசியில்லாத பயிற்சிப் பேனா ஒன்றைக் கொடுத்துப் பழக்கினாள். அந்தப் பேனாவுக்கு ஒரு முனையில் சாம்பல் மூடி, மறுமுனையில் கறுப்பு மூக்கு. மூடியைக் கழற்ற வேண்டும். கறுப்பு மூக்கைத் தொடையில் வைத்துக் குத்த வேண்டும். பத்து எண்ண வேண்டும். முஷ்டியில் பிடியுங்கள், கட்டைவிரலை மேலே வைக்காதீர்கள் என்றும் சொன்னாள். ஆனால் பேர் பேனா ஆயிற்றே. பேனா என்றால் தலையில் கட்டைவிரலை வைத்து அமுக்குகிற பழக்கம் ஊருக்கே இருக்கிறது. நாத்தனார் வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி செய்தாள். மூடியைக் கழற்று, கழற்றிய இடத்தில் கட்டைவிரலை வை, குத்து. பன்னிரண்டு வருஷம். பழைய பேனாவில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை.

போன வருஷம் அந்தப் பேனா எங்கேயும் கிடைக்கவில்லை. எப்போதும் போகிற மருந்துக்கடையில் ஒரு மருந்தாளுநர் இருக்கிறார். மருத்துவர் சீட்டு இல்லாமல் சும்மா கூடப் பேசமாட்டார் என்பதால் அவருக்கு சீட்டு சார் என்று பேர். நல்ல மனுஷன். பழைய பேனா இல்லை என்று கை விரிக்காமல், அதே மருந்து, அதே அளவு உள்ள வேறு கம்பெனிப் பேனா இரண்டு அடங்கிய பெட்டியைத் தேடி எடுத்தார். சட்டப்படி பெட்டியின் மேல் ஒரு சின்ன மஞ்சள் தாளை ஒட்டினார். அதில் ஒரே சொல்: மாற்று.

வாங்கப் போனவன் கணவன். வண்டி கடை வாசலில் வழியை அடைத்து நின்றது. பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது.

"மருந்து அதேதான். ஆனா குத்துற முறை கொஞ்சம் வேற. உள்ள தாள் இருக்கு, கண்டிப்பா படிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றார் சீட்டு சார்.

"சரி சார், சரி சார்" என்றபடி அவன் படி இறங்கிவிட்டான். கடை வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அந்தச் சேதி சுருங்கிவிட்டது. "அதே மருந்துதானாம்" என்று பெட்டியைத் தங்கையிடம் நீட்டினான்.

நாத்தனார் மஞ்சள் தாளைப் பார்த்தாள்.

"பரவாயில்லையே அண்ணி. மாத்து மருந்துன்னு தமிழ்ல தெளிவா எழுதியிருக்கான். இந்தத் தடவை படிச்சவன் எவனோ ஒட்டியிருக்கான்."

"பின்னே, குளவி வெஷத்துக்கு மாத்துதானே அது."

நம் மொழியில் விஷத்தை முறிக்கிறதும் மாற்று. ஒன்றுக்குப் பதில் வைக்கிற இன்னொன்றும் மாற்று. ஒட்டியவர் ஒன்றைச் சொன்னார், படித்தவர்கள் மற்றதைப் படித்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பெட்டி பைக்குள் போகாது என்று நாத்தனார் அதைக் குப்பையில் போட்டாள். எட்டாக மடித்த தாளும் பெட்டியோடு போயிற்று. துண்டறிக்கை அடித்துப் பழகிய எவரும் சொல்வார்கள்: எட்டாக மடித்து உள்ளே வைத்த தாளை யாரும் படிப்பதில்லை.

"சாம்பல் மூடி போய் வெள்ளை மூடி வந்திருக்கு அண்ணி."

"கலரு என்னவா இருந்தா என்னடி? நானென்ன அதைச் சேலைக்கா பொருத்தப் போறேன்?"

நிறம் மட்டும் மாறியிருக்கவில்லை. இந்தப் பேனாவில் மூடி இருப்பதே ஊசியின் பக்கம். மூடியைக் கழற்றிய முனையைத்தான் தொடையில் வைக்க வேண்டும். பக்கவாட்டில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்தது. அம்புக்குறியை நின்று நிதானமாகப் பார்க்க நேரம் இருந்தால் அது அவசர மருந்தே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. முந்தின நாள் உலர்த்தும் இயந்திரம் பழுதாகி, விரிப்புகளை மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தார்கள். வெயில் வாசம் பிடித்த அந்த விரிப்புகளில் ஒன்றின் மடிப்புக்குள் ஒரு குளவி தூங்கிக்கொண்டிருந்தது. பேனாக்கா "பிடி" என்று சொல்லி உதறினாள். மணிக்கட்டில் ஊசி ஏறியது போல் ஒரு சுருக்.

"அடியே" என்றாள். அவ்வளவுதான்.

உள்ளங்கை அரித்தது. காது அடைத்தது. இயந்திரத்தின் இரைச்சல் மெதுவாக நகர்ந்து பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. நாத்தனாரின் வாய் அசைவது தெரிந்தது. அழுக்கு மூட்டைகளின் மேல் யாரோ அவளைச் சாய்த்தார்கள், கால்களைத் தூக்கி ஒரு மூட்டை மேல் வைத்தார்கள். மேலே நீராவி வெள்ளை வெள்ளையாகப் போனது. நல்ல வெள்ளை, கறையே இல்லை, யார் துவைத்தது என்று நினைத்தாள். மூச்சு ஒரு நூல் அளவுக்கு வந்துகொண்டிருந்தது.

நாத்தனாருக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். கழற்றிய இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். மறுமுனையைத் தொடையில் வைத்து முழு பலத்தோடு அமுக்கினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

நாலு எண்ணிய பிறகுதான் வலி தனக்கு என்று உறைத்தது. ஊசி அவள் கட்டைவிரலுக்குள் நின்றது. இழுத்தாள். விரல் சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டு வந்தது.

"பேனா தலைகீழா இருக்கு! அண்ணி, பேனா தலைகீழா இருக்கு!"

சுற்றி நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"கெட்டுப்போன பேனாடி அது! போடாதே!"

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, வந்துடும்!"

"வர்ற வரைக்கும் இவ தாங்குவாளா? உதட்டைப் பாரு, நீலம் பாயுது!"

நாத்தனார் இரண்டாவது பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். இனி இது ஒன்றுதான். கட்டைவிரல் தன் பாட்டுக்கு மேலே ஏறியது. அவள் அதை இறக்கினாள். எந்த முனை? முதல் பேனா மட்டும் பழுதா, எல்லாமே இப்படித்தானா? கை சொன்னது ஒன்று, வெளுத்த விரல் சொன்னது இன்னொன்று. அவள் உறைந்து நின்றாள்.

அப்போது மூட்டை மேலிருந்து ஒரு சத்தம். பேச்சு என்று சொல்ல முடியாது, காற்று.

"திருப்பு."

பதினெட்டு வருஷமாக அந்தக் குரல் அந்தச் சொல்லைச் சொன்னால் நாத்தனாரின் கைகள் யோசித்ததில்லை. முனையோடு முனை மாற்றிப் பிடித்தன. மூடி கழற்றிய பக்கம் தொடையில் இறங்கியது. க்ளிக். பத்து வரை எண்ணினாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இருபது வரை.

ஆம்புலன்ஸ் வந்தபோது பேனாக்காவின் மூச்சு நூலிலிருந்து கயிறாகியிருந்தது. இருவரையும் ஒன்றாகவே ஏற்றினார்கள். நாத்தனாரின் விரலை வெந்நீரில் வைத்து, மருந்து போட்டு, நிறம் திரும்ப மாலையாகிவிட்டது.

"இனிமே என் கட்டைவிரலைக் குளவி கொட்டினா குளவிதான் சாகும்" என்றாள் அடுத்த கட்டிலைப் பார்த்து.

"எனக்கு வாங்கின மருந்துல பாதியை நீ போட்டுக்கிட்டே. நாத்தனார் புத்தி போகுமா?"

சிரித்து முடித்து வெகுநேரம் கழித்து நாத்தனார் கேட்டாள். "அண்ணி, பேனாவைத் திருப்பணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பேனாவா? எந்தப் பேனா?" பேனாக்கா மேற்கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "நான் விரிப்பு மடிச்சுக்கிட்டிருந்தேன்டி. முடிவே இல்லாத விரிப்பு. அந்த முனையை யாரோ பிடிச்சிருந்தாங்க, மூஞ்சி தெரியல. தையல் ஓரம் தப்பான பக்கம் வந்திருந்துச்சு. அதான் சொன்னேன்."

அந்த முனையைப் பிடித்திருந்தது தான்தான் என்று நாத்தனாருக்குத் தெரியும்.

நான்கு நாள் கழித்து அவள் கட்டுப்போட்ட விரலோடு மருந்துக்கடைக்குப் போனாள். காலிப் பேனாவை மேசையில் வைத்தாள்.

"நான் சொன்னேன்மா" என்றார் சீட்டு சார். "உள்ள தாள் இருக்குன்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னேன்."

"எங்க அண்ணனுக்கு ஹாரன் சத்தம் கேட்டா வேற எதுவும் காதுல ஏறாது. அவரைத் தனியா கவனிச்சுட்டேன். நீங்க சொல்லுங்க சார், இந்தப் பேனாவைப் பிரிச்சு, பிடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

சீட்டு சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"இல்ல. எத்தனையோ பேருக்குக் குடுத்துட்டேன். ஒண்ணைக்கூடத் திறந்து பாக்கல."

உண்மையை ஒத்துக்கொண்ட மனுஷனை அதற்கு மேல் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. "எழுதினது பத்தாது சார். கையில குடுத்துக் காட்டணும்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே அவர் கம்பெனிக்கு எழுதி, ஊசியில்லாத புதுப் பயிற்சிப் பேனாவை வரவழைத்தார். மாற்றுப் பேனாவை வாங்கிப்போன வீடுகளுக்கெல்லாம் போன் போட்டார். சலவைக்கூடத்துக்கு நேரில் வந்தார். பெண்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருத்தி கையிலும் பழையதையும் புதியதையும் கொடுத்தார். அவர் குத்திக் காட்டும்போது நாத்தனார் கத்தினாள்.

"சார், கட்டைவிரல்! கட்டைவிரலை இறக்குங்க!"

அவர் பார்த்தார். விரல் மேலே ஏறித்தான் இருந்தது. அவசரமாக இறக்கினார். கூடமே சிரித்தது, உருளை இரைச்சலையும் தாண்டி.

பேனாக்கா மறுபடி மேசைக்கு வந்தபோது பையில் இரண்டு வெள்ளை மூடிப் பேனாக்கள் இருந்தன. மஞ்சள் தாளையும் இந்தத் தடவை பேனா மேலேயே ஒட்டியிருந்தார்கள். மாற்று என்ற சொல்லுக்குக் கீழே சீட்டு சாரின் கையெழுத்தில் இன்னொரு சொல். மருத்துவப் புத்தகம் எதிலும் இல்லாத சொல்: திருப்பு.

நீராவிக்குள் நாத்தனாரின் முகம் கரைந்தது, தெரிந்தது.

"பிடி."

"பிடிச்சாச்சு அண்ணி."

"இழு."

முதல் விரிப்பைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. தையல் ஓரம் சரியாகத்தான் வந்திருந்தது.

"வா" என்றாள் பேனாக்கா. நாத்தனார் நடந்து வந்தாள்.