சஹனிலிருந்து கையெடுத்தேன்

அறுவை அறைக்கு வெளியே, வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற நர்ஸ், "பயமா இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையிலேயே பயமில்லை. அந்த நேரத்திலும் நான் என் கணவருடைய அக்காவின் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரு, எழுந்து வருகிறேன், உனக்கு இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மயக்கத்துக்குள் போனேன்.

எடை குறைக்கும் அறுவைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு நல்ல காரணம் வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்காக, முழங்காலுக்காக, சர்க்கரைக்காக. நானும் டாக்டரிடம் முழங்கால் என்றுதான் சொன்னேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். என்னைப் போல யாராவது வயிற்றெரிச்சலோடு அந்த மேசையில் ஏறிப் படுக்கப் போகிறீர்கள் என்றால், அது பின்னால் என்ன பாடுபடுத்தும் என்று தெரிந்துகொண்டு படுங்கள்.

என் பெயர் ஷமீம். தண்டையார்பேட்டையில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். கணவர் காதருக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டும் வேலை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கு உடம்பு ஏறியது. தைராய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள், அப்போதும் ஏறியது. மெஷினுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வயிறு இடித்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் ஊசிக்குக் கை எட்டவில்லை. அதோடு ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் தொண்டைச் சதை காற்றுவழியை அடைத்து, மூச்சு விட்டுவிட்டு வருவது) வேறு. நான் மூச்சு விடுகிறேனா என்று பார்ப்பதற்காகவே காதர் விழித்துக் கிடப்பார்.

இதெல்லாம் இருந்தும் அறுவை என்ற யோசனையே எனக்கு இல்லை. அதைக் கொண்டுவந்து சேர்த்தவள் காதரின் அக்கா மும்தாஜ். எனக்கு மதினி. மரியாதையாக 'வந்தார், போனார்' என்று எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை.

எங்கள் விசேஷங்களில் சஹன் சாப்பாடு வழக்கம். பாய் விரித்து, பெரிய தட்டில் பிரியாணியைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. மற்றவர்கள் முடிக்கும்வரை யாரும் தட்டிலிருந்து கையை எடுக்கக் கூடாது. வயிறு நிறைந்துவிட்டாலும் சோற்றை அளைந்துகொண்டாவது இருக்க வேண்டும். ஒருவர் கையெடுத்தால் மற்றவர்களுக்கு அடுத்த வாய் வைக்கக் கூச்சமாகிவிடும்.

மதினியின் மூத்த மகன் கல்யாணத்தில் காலையிலிருந்து பந்தி கவனித்துவிட்டு, கடைசியில்தான் நான் மதினியோடும் சொந்தக்காரப் பெண்கள் இருவரோடும் ஒரு சஹனில் உட்கார்ந்தேன். நல்ல பசி. இரண்டு வாய் வைத்திருப்பேன். மதினி மற்ற இருவருக்கும் கண்ணைக் காட்டினாள். மூன்று கைகளும் ஒரே நேரத்தில் தட்டைவிட்டுப் போயின.

"எங்களுக்குப் போதும்மா. நீ துன்னு" என்றாள். பிறகு பரிமாறும் பெண்கள் பக்கம் திரும்பி, "ஏய், இவளுக்குத் தனியா இன்னொரு சஹன் வைங்கடி! இது எந்த மூலைக்கு?" என்று சத்தம் போட்டாள். மண்டபமே சிரித்தது.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அத்தனை பேர் பார்க்க, நாலு பேர் தட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து, பசி தாங்காமல் தின்றேன். அந்தச் சோறு தொண்டையில் இறங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அழுதபோது காதர், "வுடு ஷமீமு. அக்கா தமாஷுக்குச் சொல்லிச்சு. அதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு கீறியே" என்றார்.

"உங்க அக்காவுக்கு தமாஷு. எனக்கு மானம் போச்சுங்க."

அவளுடைய ஜாக்கெட்டெல்லாம் நான்தான் தைக்கிறேன். அளவு வருஷா வருஷம் எவ்வளவு ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். பழைய ஜாக்கெட்டைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வெளியே விட்டு, யார் காதிலும் போடாமல் தைத்துக் கொடுத்திருக்கிறேன். டைலருக்கு அந்த நாணயம் வேண்டும். அவளுக்கு அந்த நன்றி வேண்டாமா?

கறுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குச் செய்தது ஸ்லீவ் அறுவை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் அளவுக்கு ஒடுக்கமான குழாயாக்குவது). ஆரம்பத்தில் தண்ணீரையே மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். ஒரு டம்ளர் காலியாவதற்குள் காலைப்பொழுது போய்விடும். அப்புறம் கஞ்சித் தெளிவு, அப்புறம் மசித்த பருப்பு. நான் அவசரக்காரி. நின்றபடியே தின்று பழகியவள். ஒரு கரண்டிச் சோற்றுக்கு அரை மணி நேரம் உட்காரச் சொன்னால் எரிச்சல் வராதா?

பசி சுத்தமாக நின்றுபோனது. கிரெலின் (பசியைத் தூண்டும் சுரப்பு) பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கும் என்றார் டாக்டர். "கொஞ்ச காலத்துக்குப் பசிக்காதும்மா. அப்புறம் மெதுவா வரலாம். பசிக்கலைன்னாலும் நேரம் பார்த்துச் சாப்பிடணும்" என்றார்.

பெருநாளன்று ஆசைக்குச் சேமியாப் பாயசம் மூன்று ஸ்பூன் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேலுதட்டில் வேர்த்தது, கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. அடுப்படித் தரையிலேயே படுத்துவிட்டேன். இதற்கு டம்பிங் (இனிப்பும் மாவும் இரைப்பையில் நிற்காமல் வேகமாகக் குடலுக்குள் சரிந்துவிடுவது) என்று பெயர். உங்களுக்கும் வரலாம். பயப்படாதீர்கள், படுத்தால் அடங்கும். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உடம்பு இறங்க ஆரம்பித்தது. இறங்குவதும் அழகாக இறங்கவில்லை. தலைமுடி சீப்போடு கொத்தாக வந்தது. கையைத் தூக்கினால் தோல் தொங்கியது. சொந்த ஜாக்கெட்டுக்கெல்லாம் முழங்கை வரை கை வைத்துத் தைத்துக்கொண்டேன். ஒருக்களித்துப் படுத்தால் வயிற்றுத் தோல் எனக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டது. டேப்பால் இடுப்பை அளந்துவிட்டு, டேப் தப்பு என்று இன்னொரு டேப்பால் அளந்தேன். பஸ்ஸில் இடம் இருந்தும், இரண்டு பேருக்கு நடுவில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். ஆள் குறைந்துவிட்டேன் என்ற சேதி எனக்கே வந்து சேரவில்லை.

காசிமேட்டிலிருந்து தெருவுக்கு மீன் கொண்டுவரும் எலிசா அக்கா கூடையை இறக்கிவிட்டு, "இன்னாமே, பாதி ஆளக் காணோம்! சுகரா?" என்றாள். ஆபரேஷன் என்றேன். "நல்லாத்தானே இருந்தே, இன்னாத்துக்கு?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். நல்லாத்தான் இருந்தேன் என்று அதற்கு முன்னால் ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. கோபம் கோபமாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மதினியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குள் இன்னும் இறங்க வேண்டும். அவள் பார்த்து வாயடைத்துப் போக வேண்டும். பசிதான் இல்லையே, எதற்குச் சாப்பாடு? காலையில் மோர், சாயங்காலம் மோர். புரோட்டீன் பவுடரைக் கரைத்து, காதர் அந்தப் பக்கம் போனதும் தொட்டியில் ஊற்றினேன். தலை சுற்றியது. மெஷினை மிதிக்கக் காலில் வலு இல்லை. குறைந்த ஒவ்வொரு கிலோவும் அவள் கன்னத்தில் விட்ட அறை என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உங்க உடம்பு இப்ப கொழுப்பைக் கரைக்கல. தசையைத் தின்னுது. இப்படியே போனா திரும்ப அட்மிஷன்தான். இதயம்கூடத் தசைதான், ஞாபகம் வைங்க. ஏன் சாப்பிடல?"

"பசிக்கல டாக்டர்."

"பசி வராதுன்னு சொன்னேனே. மருந்து மாதிரி சாப்பிடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் காதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருக்காக ஷமீமு இப்டி காஞ்சிக்கினு கீற? நாங்க இன்னா பண்ணோம்?"

"உங்க அக்காவுக்காக" என்றேன்.

ராயபுரத்தில் மண்டபம். நான் உள்ளே நுழைந்ததும் பெண்கள் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். மூஞ்சியில் ஈயாடவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். சம்பந்தியம்மாவிடம் இழுத்துப் போய், "எங்க தம்பி பொண்டாட்டி. எப்டி இருந்தவ தெரியுமா? இப்பப் பாருங்க!" என்று காட்டினாள். "வா, எங்க சஹன்லயே குந்து. நீதான் ஒண்ணும் துன்ன மாட்டியே, உன் பங்கு கறி எங்களுக்கு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் எனக்கு வழி கிடைத்தது.

சஹனைச் சுற்றி மதினி, சம்பந்தியம்மா, சம்பந்தியம்மாவின் அக்கா, நான். மதினி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முதல் வாயை அவ்வளவு பெரிதாக எடுத்தாள். நான் கொஞ்சம் கறியைப் பிய்த்து மென்றேன். இரண்டு வாய். மூன்றாவது வாய். கையை எடுத்தேன்.

"எனக்குப் போதும் மதினி. வயிறு நெறஞ்சிடுச்சு."

சம்பந்தியம்மா மரியாதை தெரிந்தவர். நான் கையெடுத்ததைப் பார்த்ததும், "எங்களுக்கும் போதும்மா" என்று கையை எடுத்துக்கொண்டார். அவருடைய அக்காவும் எடுத்தார். புதுச் சம்பந்தி கையெடுத்த தட்டில் பெண்ணைப் பெற்றவள் தனியாகத் தின்ன முடியுமா? மதினி கையிலிருந்த கறித்துண்டைத் திரும்பச் சோற்றிலேயே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

தட்டை எடுக்க ஆள் வருவதற்குள் மதினியின் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்த்தது. மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தவளுக்கு வேர்வை. மடியில் வைத்திருந்த கை நடுங்கியது. சம்பந்தியம்மா கேட்ட ஏதோ கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். அந்த வேர்வை எனக்குத் தெரியும்.

"மதினி, சர்க்கரை ஊசி போட்டீங்களா?"

"அப்பவே போட்டேன்டி. சோறு லேட்டாயிடிச்சு…" நாக்கு குழறியது.

ஹைப்போ (ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுவது, இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் வரும், உயிருக்கே ஆபத்து). பக்கத்துப் பாயில் இருந்த ரோஸ்மில்க் டம்ளரைப் பிடுங்கி அவள் வாயில் வைத்தேன். குடித்தாள். பிறகு சஹனிலிருந்து சோற்றை உருட்டி ஊட்டப் போனேன். வாயை மூடிக்கொண்டாள்.

"வேணாம்டி. அவங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும் மதினி. துன்னுங்க" என்றேன், நன்றாகச் சத்தமாக.

தின்றாள். நான் உருட்டி உருட்டிக் கொடுக்க, சுற்றிலும் பெண்கள் கூடி நின்று பார்க்க, மூன்று பேர் கையெடுத்த தட்டில் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து தின்றாள். கண்ணில் நீர் முட்டியது. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் பெரிய மனுஷி என்று பெயர் வாங்கலாம். பாவமாக இல்லை. நன்றாக இருந்தது. அவள் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் துஆ கேட்டதில்லை. உயிரோடு இருந்து, எல்லோரும் பார்க்க, இப்படித் தின்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

நிறம் திரும்பியதும் என் காதோரம் குனிந்தாள். "தெரிஞ்சுதானே கைய எடுத்தே?"

"ஊசி போட்டது தெரியாது. கைய எடுத்தது தெரிஞ்சுதான்."

"ம். நானும் அன்னிக்குத் தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்க்க எழுந்து போனாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இன்றுவரை இல்லை. ஜாக்கெட்டும் வேறு எங்கோ தைக்கிறாள்.

ஆட்டோவில் திரும்பும்போது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்திருந்தன. வெயில் கொளுத்தியது. திடீரென்று வயிற்றில் ஏதோ செய்தது. இழுத்துப் பிடிப்பது போல, கிள்ளுவது போல. தையல் பிரிந்துவிட்டதோ, கசிகிறதோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

காதருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னா ஆச்சு? ஆஸ்பத்திரிக்கு வுடச் சொல்லவா?"

"இருங்க." இன்னொரு தடவை கிள்ளியது. "பசிக்குதுங்க."

"இன்னாது?"

"பசிக்குது."

டாக்டர் சொன்ன காலம் வந்துவிட்டதோ, அல்லது அத்தனை மாதம் வயிற்றை அடைத்துக்கொண்டிருந்த வஞ்சம் அன்றைக்கு இறங்கியதால் இடம் கிடைத்ததோ, எனக்குத் தெரியாது. காதர் இறங்கி ஓடி, ரோட்டோர வண்டியிலிருந்து அவித்த முட்டை ஒன்று வாங்கிவந்தார். உரித்து, நாலாக வெட்டி, காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்.

ஒரு துண்டை வாயில் வைத்தேன். மிளகு, உப்பு, மஞ்சள் கருவின் மாவு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. மென்றேன். கூழாகும்வரை மென்றேன். விழுங்கிவிட்டு, இறங்கும்வரை காத்திருந்தேன். என்னை யார் பார்க்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

முன்னால் லாரி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். ஆட்டோக்காரர் திரும்பி, "எக்கா, எட்த்துடவா? கத்துறானுங்க" என்றார்.

"கத்தட்டும் நைனா, ஓரமா நிறுத்து" என்றேன். "நான் இன்னும் சாப்ட்டு முடிக்கல."