வளைந்த மூக்கு

மகளின் கல்லூரிக் கணக்குப் புத்தகத்தை நேற்று தூசி தட்டி எடுத்து வைத்தேன். விரிந்த பக்கத்தில் அந்த வளைந்த மூக்கு. எனக்குக் கணக்கு வராது. ஆனால் அந்தக் குறியைப் பார்த்தால் இன்றும் வயிறு எரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுக் கணிதப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன். பாடி பிஸ்கட் ஃபாக்டரிப் பக்கமிருந்து காற்றடித்தால் பிஸ்கட் வேகும் வாசனை ஏசியையும் மீறி உள்ளே வந்துவிடும். அதற்கே பசித்துப்போய் நானும் பக்கத்து சீட்டு மல்லிகாவும் பதினோரு மணிக்கே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவோம். 'சிறியது' என்று காட்டும் குறிக்கு நாங்கள் வைத்த பெயர் கூர்மூக்கு. அதே குறி, கோடுகள் மட்டும் வளைந்திருந்தால் வளைந்த மூக்கு. அதற்கு 'வரிசையில் முன்னால் வருவது' என்று அர்த்தமாம். மகள் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு அர்த்தத்தைக் கண்டோமா என்ன! பார்த்ததை அப்படியே அடிப்போம்.

மல்லிகா ஆவடியிலிருந்து ரயிலில் வருவாள். அந்த வருஷம் அவள் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் சூப்பர்வைசருக்கு அந்த வளைவு ஃபான்ட் கோளாறாகப் பட்டது. எல்லாருடைய பாஸ்வேர்டும் அவர் கையில். மல்லிகா இல்லாத நேரம் அவள் சீட்டில் உட்கார்ந்து, அவள் முடித்த புத்தகத்தின் வளைந்த மூக்கையெல்லாம் கீபோர்டில் ஒரே தட்டாகத் தட்டிக் கூர்மூக்காக்கி அனுப்பிவிட்டார். நூலாசிரியர் கொதித்துப்போய் எழுதினார். விசாரித்தபோது கம்ப்யூட்டர் மல்லிகா பெயரைக் காட்டியது. மாற்றியது தான்தான் என்று அந்த மகராசன் ஒப்புக்கொள்ளவேயில்லை.

"நா இருக்கறத அப்டியேதான் சார் அட்சேன்" என்றாள். நானும் எழுந்து, பார்த்ததைச் சொன்னேன். உன் வேலையைப் பாரும்மா என்றார் மேனேஜர்.

இரண்டு மூக்கும் கலந்துபோனதால் திரும்ப ஒரே தட்டாகத் தட்டி மாற்ற வழியில்லை. பக்கம் பக்கமாக மூலத்தோடு ஒத்துப் பார்த்து அவளே திருத்தினாள். திருத்திவிட்டால் வேலை நிலைக்கும் என்று நம்பினாள், பைத்தியக்காரி. ஒரு குறி தவறவில்லை. புத்தகம் போனதும், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அனுபவச் சான்றிதழ் கேட்டு நடையாய் நடந்தாள். கொடுக்கவேயில்லை. நூலாசிரியர் அனுப்பிய பாராட்டு சூப்பர்வைசருக்குப் போனது.

பிறகு எங்கள் வேலையை மென்பொருளே செய்யத் தொடங்க, கம்பெனியை இழுத்து மூடினார்கள். இப்போது அங்கே கூரியர் கோடவுன். என் சோறும் அதோடு போனதுதான். இருந்தாலும், நல்லா வேணும் என்றுதான் தோன்றியது. மல்லிகா அப்போது திருமழிசையில் ஒரு பேக்கிங் யூனிட்டில் இருந்தாள். பஸ்ஸில் பார்த்தபோது, மூடிவிட்டார்கள் என்று ஆசையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ நா அங்க வேல பாத்தேன்னு இனிமே யாரு அக்கா எய்திக் குடுப்பாங்க?" என்றாள்.