எட்டாவது ஸ்டட்

தம்பிக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதை அக்கா முதன்முதலில் கேட்டது ஒரு சனிக்கிழமை நடுப்பகலில். பட்டறை வாசலில் டீ ஃபிளாஸ்க்கோடு நின்று, "என் தம்பி இருக்கானா?" என்றாள்.

"யாரு, துறுதுறுவா? இப்பதான் இங்க இருந்தான், அதுக்குள்ள அங்க போயிட்டான்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சொன்னவர் பட்டறைக்காரர். அக்காவின் மாமியாருக்குத் தங்கை மகன், அவளுக்குக் கொழுந்தன் முறை.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனாலும் இது பொருந்தத்தான் செய்கிறது என்று அவள் மனசு ஒப்புக்கொண்டது. ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். வயிற்றுக்குள் இருக்கக்கூடப் பொறுமை இல்லை. இவன் கல்யாணப் படத்தில் மணப்பெண் பளிச்சென்று இருப்பாள், இவன் முகம் மட்டும் அசைந்ததில் மங்கலாகியிருக்கும். முப்பத்து நான்கு வயதாகியும் நின்றுகொண்டுதான் சாப்பாடு.

அவள் வந்தது தன் வீட்டுக் காருக்காக. அவள் வீட்டுக்காரர் அந்தக் காரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகப் பேசி வைத்திருந்தார். உள்ளே புகை அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். திங்கள் காலை ஏழு மணிக்கு, சரிசெய்த கார் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓட்டம் வேறு ஆளுக்கு. வீட்டில் வேறு வரும்படி கிடையாது.

புகைக்குழாயை இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டோடு சேர்த்துப் பிடித்திருப்பவை எட்டு ஸ்டட்டுகள். ஸ்டட் என்றால் தலையில்லாத போல்ட். எட்டும் துருவேறிப் போய், அந்த மூட்டு வழியாகத்தான் புகை கசிந்தது. ஒரு ஸ்டட்டின் மேல் இரண்டு நட்டை ஏற்றி, ஒன்றோடு ஒன்றை நெருக்கி இறுக்கி, அடி நட்டைத் திருப்பினால் ஸ்டட்டும் கூடவே வரும். அப்படி ஏழைக் கழற்றிவிட்டான் தம்பி. எட்டாவது, பின்மூலையில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"எண்ணெய் ஊத்தி ஊறவிடுடா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்றேன் அண்ணி. காதுல வாங்கினாத்தானே?" என்றார் பட்டறைக்காரர்.

"நாளைக்கு நாளைக்குன்னா, திங்கக்கிழமை நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" தம்பி ஸ்பேனரை மாட்டி அழுத்தினான். அது மெல்ல நகர்ந்தது. "வருதுக்கா! வெண்ணெய் மாதிரி வருது!"

பட்டறைக்காரர் பாய்ந்து வந்தார். "கைய எடுடா! வெண்ணெய் மாதிரி வந்தா அது கழலல, முறுக்கிக்குது!"

கழலுகிற ஸ்டட் கிறீச்சென்று கத்தும். ஒடியப்போவதுதான் சத்தமே இல்லாமல் இளகிக் கொடுக்கும். பதினைந்து வருஷம் வேலை செய்தவனுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் புத்திக்கு முன்னால் கை சந்தோஷப்பட்டுவிட்டது. டிக்கென்று ஒடிந்தது. அரிசி மணி அளவுதான் வெளியே மிச்சம்.

உடனே அதில் துளைபோட்டு, ஒடிந்த போல்ட்டைப் பிடுங்குவதற்கென்றே எதிர்மரை வெட்டிய முறுக்குக்கம்பியை இறக்கிப் பிடுங்குகிறேன் என்று கிளம்பினான். "அந்தக் கெட்டிக் கம்பியும் உள்ள ஒடிஞ்சா, எந்த டிரில்லும் அது மேல பல் பதிக்காது. ஹெட்டையே தூக்கிப் போடணும்" என்று பட்டறைக்காரர் தலையில் கைவைத்தார். அக்கா முறுக்குக்கம்பியை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அக்கா, சின்னப்பிள்ளை மாதிரி பண்ணாத."

"நான் பண்றேனா? ஒழுங்கா எண்ணெயை ஊத்துடா."

ஞாயிறு காலை பட்டறைக்காரர் வழி சொன்னார். மிச்சத்தின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு நன்றாக ஆறிய பிறகு திருப்ப வேண்டும். தம்பி முதல் நட்டைச் சிவப்பு மாறுவதற்குள் திருகினான். நட்டு மட்டும் கையோடு வந்தது. இரண்டாவதும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அந்த அரிசி மணி தேய்ந்துகொண்டே போனது.

"இன்னும் ஒரு தடவைதான் பத்தும்" என்றார் பட்டறைக்காரர்.

மூன்றாவது நட்டை வைத்தபின் அக்கா டீ ஊற்றிக் கொடுத்தாள். "இதைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் தொடாதே." ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். "முடிஞ்சுது!" அவள் மறுபடி ஊற்றினாள். அவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான், தரையைப் பெருக்கினான், பெருக்கியதையே மறுபடி பெருக்கினான்.

நேரம் போகப் போக அக்காவே வாசல் வெயிலை எட்டி எட்டிப் பார்த்தாள். கார் பள்ளி வாசலில் நிற்காவிட்டால் தன் வீட்டு உலைதானே நிற்கும்? "இப்ப திருப்பலாம்ல?" என்று வாய்தவறிக் கேட்டேவிட்டாள். தம்பி அவளைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரை அவள் மடியில் வைத்துவிட்டு, வெளியே தெருமுனை வரைக்கும் நடந்துபோனான்.

திரும்பி வந்து நட்டைத் தொட்டுப் பார்த்தான். சுடவில்லை, விரல் நிலைத்து நின்றது. கால் சுற்று திருப்பினான். கிறீச்! பாதி பின்னால், மறுபடி முன்னால். அக்காவுக்குப் பல் கூசியது. அப்படி ஒரு நல்ல சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

ஆனால் வீணான இரண்டு நட்டும் பாதிப் பகலைத் தின்றிருந்தன. விடிய விடிய மரையைச் சுத்தம் செய்து, புது ஸ்டட்டுகளை ஏற்றிப் பூட்டி முடிக்கையில் திங்கள் காலை ஏழேகால். கார் போய்ச் சேர்வதற்குள் காலை ஓட்டத்தை ஒரு வேன்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். மாலை ஓட்டம் மட்டும் கிடைத்தது.

"பாதியாவது நின்னுச்சே, விடு மச்சான்" என்றார் அக்கா வீட்டுக்காரர். தம்பிக்கு அதில் மனசு ஆறவில்லை. அடுத்த மாதமே, "இன்ஜினுக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்தல" என்று பட்டறைக்காரரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இப்போது அவன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறான். அங்கே எதுவும் ஆறும்வரை காத்திருக்க வேண்டாம், நட்டை எவ்வளவு சட்டென்று கழற்றுகிறானோ அவ்வளவு நல்ல பேர்.