குரும்பலூர்ல பார்த்த டீசல் கார்

பழைய டீசல் கார் ஒன்னு விலைக்கு வருதுன்னு இன்னைக்கு குரும்பலூர் போனேன். ஏமாந்துடக் கூடாதுன்னு பெரம்பலூர்லேர்ந்து ஒரு மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போனேன்.

ஸ்டார்ட் பண்ணதும் இன்ஜின்ல கடகடன்னு சத்தம்.

"டீசல் வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும்"னார் விக்கிறவர்.

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்ல வச்சு, பிடியில காதைக் குடுத்துக் கேட்டார். "ஒன்னுமில்ல சார், ஆயில் மாத்துனா போயிடும். தைரியமா எடுங்க."

விக்கிறவர் வூட்டு நாய் என்னைப் பார்த்து விடாம குரைச்சுக்கிட்டு இருந்துச்சு. மெக்கானிக்கிட்ட மட்டும் வாலை ஆட்டிக்கிட்டுப் போயி காலடியில படுத்துக்கிச்சு.

"இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்க சார், இப்பதான் மொத தடவை."

யோசிச்சுச் சொல்றேன்னு கிளம்பிட்டேன்.

அந்த நாய்க்கு முன்னபின்ன தெரியாத மெக்கானிக் யாராச்சும் இருந்தா சொல்லுங்க.