ஹாஜியார் தந்த கதிரைகள்

போன கிழமை பேசாலையில் கருவாடு காயப்போடும் வாடி ஒன்றுக்குப் போயிருந்தேன். வாசலில் கால் ஒடிந்த மண்ணிறப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் பாரைக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. முதுகுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பெயர் ஒன்றும் இல்லை. அதனாலேயே அது எங்கள் கதிரை என்று தெரிந்துவிட்டது. வெயிலில் சுட்ட பிளாஸ்டிக்கும் கருவாடும் கலந்த அந்த வாசம்தான் எங்கள் ஊர் மீனவர் சங்கக் கட்டடத்தின் வாசம். உங்களுக்குப் பிடிக்குமென்று நான் சொல்லமாட்டேன்.

அப்போது சங்கத்துக்கு நான்தான் செயலாளர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள். கையெழுத்து அழகு என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. கூட்டமென்றால் ஆண்கள் உள்ளே நீள மர வாங்குகளில் இருப்பார்கள். பெண்கள் வெளியே மணலில் இருந்து யன்னலால் கேட்பார்கள். அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை. எனக்குத்தான் மேசையும் ஸ்டூலும் இருந்தனவே.

தாராபுரத்து ஹாஜியார் எங்களிடம் கருவாடு வாங்க வருகிற வியாபாரி. ஒருநாள் கூட்ட நேரத்தில் வந்தவர், யன்னலடியில் இருந்த பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை அவருடைய லொறி, ஊர் முழுவதற்கும் போதுமான கதிரைகளோடு வந்து நின்றது. ஒரு கதிரையிலும் பெயர் இல்லை; எங்களுக்கு அது விளங்கவில்லை. கொடையென்றால் பெயரோடு வரும் என்றுதான் பழகியிருந்தோம். கோயில் ஃபானின் இறக்கையில்கூட ‘உபயம்’ என்று எழுதியிருக்கும். கரண்ட் போனால்தான் யாரென்று வாசிக்கலாம். சங்கத் தலைவர் பெயர் எழுதப் பெயின்ற்றும் தூரிகையுமாய் வந்து நின்றார்.

“பேர் வேணாம் தலைவர்,” என்றார் ஹாஜியார். “கூட்டத்துக்கு வாற ஒருத்தரும் நிலத்தில இருக்கப்படாது. கதிரையை வட்டமாப் போடுங்கோ. ஒண்டையும் உசத்தி வைக்காதேங்கோ. அவ்வளவுதான்.”

ஒரு பாரைக் கருவாட்டுக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற மனிதர், இவ்வளவையும் இறக்கிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான். அடுத்த கூட்டத்திலிருந்து பெண்களும் உள்ளே வந்து வட்டத்தில் இருந்தார்கள்.

அந்த வருடம்தான் வேலிக்கதை வந்தது. வெளியூர்க் கம்பனி ஒன்று கரையோரக் காணியை வாங்கி, றோட்டிலிருந்து கடலுக்குப் போகும் பாதையை அடைக்கப் போகிறதாம். ‘ஊருக்கு ஆட்சேபனை இல்லை’ என்ற கடிதத்தில் கையெழுத்து வாங்க அரசாங்கக் கந்தோரிலிருந்து அதிகாரி ஒருவர் வருகிறாராம். பாதை போனால் வள்ளம் இறக்க வழியில்லை, மீன் காயப்போட மணலில்லை. ஆனால் தலைவர் கையெழுத்து வைத்தால் ஊரே வைத்த மாதிரி. அதுதான் அதுவரை வழக்கம்.

அந்தக் கூட்டத்தன்று நான் செய்த வேலையைக் கேளுங்கள். அதிகாரி வருகிறார் என்று வீட்டிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்து ஒரு கதிரைக்குப் போர்த்தி, வட்டத்தை விட்டு முன்னால் இழுத்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது. கருவாடு போடுகிற திரேசியா அக்கா வந்து கதிரையைத் திரும்ப வட்டத்துக்குள் தள்ளி, துணியை உருவி, மடித்து, என் கையில் தந்தார்.

“இதென்ன பிள்ளை, பூசையே நடக்கப்போகுது?”

அதிகாரி வந்தார். எங்கே இருப்பதென்று கண்ணால் தேடினார். கடைசியில் திரேசியா அக்காவுக்குப் பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த கதிரையில் இருந்துகொண்டு, கடிதத்தைத் தலைவரிடம் நீட்டினார். தலைவர் பேனையைத் திறந்தார்.

“ஐயா, வேலி வந்தா நான் மீனை எங்க காயப்போடுறது?” என்று அக்கா கேட்டார். குரல் உயரவில்லை. பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் கேட்க எதற்குக் கத்தவேண்டும்? அவருக்கு அடுத்தவர் வள்ளத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு அடுத்தவர், அதற்கு அடுத்தவர். யன்னலடியில் வருடக்கணக்காய் வாய் திறக்காமல் இருந்தவர்களிடம் இவ்வளவு கேள்விகள் இருந்தனவா என்று நான் மலைத்துப்போனேன். கேள்விகள் வட்டத்தைச் சுற்றித் தன் முறை வந்தபோது தலைவர் பேனையை மூடினார்.

“நான் தனியக் கையெழுத்து வைக்கேலாது ஐயா. சம்மதமெண்டவை கையை உயத்துங்கோ.”

ஒரு கையும் எழும்பவில்லை. அதிகாரி கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். வேலி வரவேயில்லை. அன்றைய கூட்டக் குறிப்பில் ‘தலைவர் வரவேற்றார்’ என்ற வரிக்குப் பிறகு ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருந்ததில் எழுத மறந்துபோனேன்.

ஹாஜியார் இப்போது இல்லை. கதிரைகளும் செத்தவீடு, கலியாணவீடு என்று ஊரெல்லாம் சுற்றி ஒவ்வொன்றாய் உடைந்துபோயின. வாடியிலிருந்து திரும்பி வந்த அன்று, பெண்கள் யன்னலடியில் இருந்த கதையை என் மகளுக்குச் சொன்னேன். இப்போது அவள்தான் சங்கத் தலைவி.

“ஏனம்மா, உள்ள இடம் காணாதோ?” என்று கேட்டாள்.

இடம் இருந்தது என்றேன். பெண்களை உள்ளே கூப்பிடத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.