மயிரிழை குறைந்த அட்டை

ஓரெஸ்ட் செம்கோ கனடாவின் யார்க்டன் ஊரில் முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மைனஸ் முப்பத்தைந்து டிகிரி குளிரிலும் ஒரு நாள் தாமதமானதில்லை. எதற்கும் பதறாத மனுஷன் என்றுதான் ஊரில் பெயர். அப்பேர்ப்பட்டவரை ஓய்வு பெற்ற இரண்டாம் குளிர்காலத்தில் ஓர் ஐஸ் ஹாக்கி அட்டை படுத்தி எடுத்துவிட்டது.

அம்மா இறந்தபின் பூட்டிக் கிடந்த வீட்டை விற்பதற்காகக் காலி செய்தபோது, தன் பழைய பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து வந்திருந்தார். 1964இல் சூயிங்கம் பாக்கெட்டோடு வந்த அட்டை. கார்டன் டெல்லியர் என்ற ஆட்டக்காரரின் முதல் வருட அட்டை. நீல ஜெர்சி, முன்பல் இல்லாத சிரிப்பு. இப்படிப்பட்டவற்றை ஆராய்ந்து ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் மூடித் தருவதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. எட்டு வந்தால் நாலாயிரம் டாலருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க ஆளிருந்தது. ஐந்து வந்தால் கட்டணத்துக்கும் தபாலுக்குமே காணாது.

எட்டா, ஐந்தா? ஓரெஸ்டுக்கு அதே நினைப்புதான். காபி ஆறும், அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியோடு மூலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். உறைக்குள் வைப்பார், அலமாரியில் பூட்டுவார், கால்மணி நேரத்தில் மறுபடி திறப்பார்.

"காலைலேருந்து இது ஆறாவது தடவை," என்றாள் மனைவி மார்லின். "நீ பாக்காத நேரத்துல மூலை வளருதா என்ன?"

"இடது கீழ்மூலைல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு. நேத்து இல்ல."

"நேத்து நீ மூக்குக் கண்ணாடியைத் துடைக்கல."

பொறுக்க முடியாமல் ஒரு வியாழக்கிழமை மூன்றரை மணி நேரம் பனியில் வண்டியோட்டி, சஸ்கடூனில் ஓர் அட்டைக் கடைக்குப் போனார். கடை நடத்தும் ஜனெலுக்கு முப்பது வயதிருக்கும். பளபளப்பு நன்றாயிருக்கிறது, படம் நடுவாக விழுந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அதே வருடத்து மலிவான அட்டை ஒன்றை எடுத்து அதன்மேல் இதை வைத்துப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது.

"வலது பக்கம் ஒரு மயிரிழை குறையுது, மிஸ்டர் செம்கோ. யாரோ வெட்டின மாதிரி இருக்கு."

"தொழிற்சாலைல கோணலா வெட்டியிருப்பாங்க. அந்தக் காலத்துல அது சகஜம்தானே?"

"இருக்கலாம். ஆனா கையால வெட்டினதுன்னு அவங்க முடிவு பண்ணிட்டா நம்பரே போட மாட்டாங்க. கட்டின பணம் போனது போனதுதான்."

"உன்னோடதா இருந்தா அனுப்புவியா?"

"வீட்ல வேற யார் கையிலயாவது இருந்துச்சான்னு முதல்ல கேப்பேன்."

"என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு," என்றார் ஓரெஸ்ட். சொன்ன வேகம் அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

 மறுநாள் மதிப்பெண் போடும் நிறுவனத்தின் படிவத்தை நிரப்பினார். பொட்டலம் கட்டித் தபாலாபீஸ் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் விலகி வெளியே வந்தார். சனிக்கிழமையும் அதே கதை.

ஞாயிறு மதியம் தங்கை நாதியா சாப்பிட வந்தாள். மார்லின் தட்டில் உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பெரோகிக் கொழுக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நாதியா மேஜையிலிருந்த அட்டையை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் நான் வெட்டினது."

"என்னது?"

"அம்மாவோட தையல் கத்திரியால. என் பென்சில் டப்பா மூடிக்குள்ள போகல. கொஞ்சூண்டு வெட்டினேன், கச்சிதமா உக்காந்துச்சு."

"என் அட்டையை நீ ஏன் வெட்டின?" ஓரெஸ்ட் கத்திவிட்டார்.

நாதியா அட்டையை மேஜையில் வைத்தாள். "உன் அட்டையா?"

ஓரெஸ்டுக்கு அப்போதுதான் எல்லாம் நினைவில் வந்து நின்றது. அந்தக் குளிர்காலத்தில் நாதியாவுக்கு ஒன்பது வயது. நிமோனியா வந்து ஆறு வாரம் ரெஜைனா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஹாக்கி ஆடும் பனித்தளத்தில் பையன்களுக்குக் காட்டிவிட்டு அவள் வருவதற்குள் வைத்துவிடலாம் என்றுதான் அவளுடைய அட்டையை எடுத்தார். பையன்கள் வாயைப் பிளந்ததில் திருப்பி வைக்க மனம் வரவில்லை. அவள் திரும்பி வந்து கேட்டபோது, வீட்டைச் சுத்தம் செய்கையில் அம்மா குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"அம்மா, நான் போடவே இல்லைன்னு சொன்னா," என்றாள் நாதியா. "நான் நம்பல. அவதான் பொய் சொல்றான்னு நெனச்சேன். அவ சாகற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன், ஓரெஸ்ட்."

மார்லின் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். 

"பதினோரு வயசு எனக்கு அப்போ," என்றார் ஓரெஸ்ட்.

"அதுக்கப்புறமும் உனக்கு வயசாச்சு."

அவர் அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார். "எடுத்துட்டுப் போ, நாதியா. தப்புதான். பெரிய தப்பு."

நாதியா அதை உறையிலிருந்து உருவி, வெறும் அட்டையாகக் கைப்பைக்குள், சாவிக்கொத்துக்கும் சீப்புக்கும் நடுவில் போட்டாள்.

"ஐயோ, உறையோட வை! மூலை மடங்கிடும்!"

"மடங்கட்டும்," என்றாள் அவள். பெரோகி ஆறிக்கொண்டிருந்தது. அவளே முதலில் எடுத்துச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை ஓரெஸ்ட் படிவத்தைக் கிழித்துப் போட்டார். செவ்வாயன்று சாலை வழுக்குகிறதா என்று கேட்பதுபோல் நாதியாவுக்குப் போன் செய்தார்.

"குளிர்பெட்டிக் கதவுல காந்தம் வெச்சு ஒட்டியிருக்கேன்," என்றாள் அவள், அட்டையைப் பற்றி அவர் கேட்பதற்கு முன்பே. "அம்மா போட்டோவுக்குப் பக்கத்துல. வர்ற ஞாயித்துக்கெழமை இங்க வந்து சாப்பிடுங்க, ரெண்டு பேரும்."

வருகிறோம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கதவின் முன்னால் போய் எப்படி நிற்பது என்று புதன்கிழமையிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.