கிரீஸ் வைத்த கை

தெருவில் எல்லோரும் அவளை மோட்டார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிய கணவரின் கைபேசியில்கூட அந்தப் பெயர்தான். துணி துவைக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவள் தொழில். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டு மெஷின் பாதியில் நின்றுபோனது. மெக்கானிக் மூன்று நாளாக "இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஈரத்துணிக் குவியலைப் பார்த்துப் பார்த்து எரிச்சலான அவள், தானே பின்பக்கத்தைக் கழற்றினாள். உள்ளே பிள்ளையின் காலுறை ஒன்று சிக்கியிருந்தது. அன்றைக்குத் திருப்புளியைப் பிடித்த கை இன்னும் அதைக் கீழே வைக்கவில்லை.

அந்தத் தொழிலில் அவள் முதலில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மெஷின் நன்றாகத் துவைக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சத்தம் நின்றதா என்றுதான் கேட்பார்கள். சத்தம் நின்றால் கெட்டிக்காரி, நிற்காவிட்டால் அரைகுறை. அதனால் எங்கேயாவது கீச்சென்று கேட்டாலே அவள் கை தானாகக் கிரீஸ் டப்பாவைத் தேடும்.

எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார் வீட்டு மெஷினை அவள் சரிசெய்துகொண்டிருந்த ஒருநாள், அவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். தங்கள் கல்லூரிக் கிடங்கில் இதே மாதிரி ஒரு மெஷின் இருப்பதாகவும், ஆனால் அது துணி துவைக்காது என்றும் சொன்னார். போய்ப் பார்த்தாள். ஓர் அறை நிறைய, ஆளுயர அலமாரிகளாக நின்றது ஐம்பது வருஷத்துப் பழைய கணினி. மெயின்ஃப்ரேம் என்றார்கள். அதை மறுபடி ஓட வைக்க வாத்தியாரும், இளம் வயதில் இதே வகைக் கணினியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஆபரேட்டரம்மாவும் சனிக்கிழமை காலைகளில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அலமாரிக் கூட்டத்தில் ஒன்று மட்டும் அவளுக்குப் பார்த்ததும் பழகிய முகமாகத் தெரிந்தது. இடுப்பளவு உயரம், மேலே திறக்கும் மூடி, கீழே மோட்டார், பெல்ட். டிஸ்க் டிரைவ். உள்ளே துணிக்குப் பதிலாக, சாப்பாட்டுத் தட்டு அளவில் பதினொரு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றும். அதற்கு டிஸ்க் பேக் என்று பெயர். கணினி தன் நினைவில் வைக்க வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கும். தட்டுகளுக்கு நடுவே ஹெட் என்ற சின்ன முனைகள் நுழைந்து, தலைமுடியைவிட மெல்லிய காற்றுப் படலத்தில் மிதந்தபடி படிக்கும். முனை தட்டில் உரசினால் பூச்சு உரிந்துவிடும், அதில் இருந்தது போனது போனதுதான். நல்ல நிலையில் மிஞ்சியது ஒரே ஒரு பேக். கணினியை எழுப்பும் நிரல் முழுவதும் அதில் இருந்தது, வேறு பிரதி கிடையாது. அது கெட்டால் அந்த அறையில் மிச்சமிருப்பது வெறும் அலமாரிகள்.

டிரைவை அவள் பொறுப்பில் விட்டார்கள். முதல் சனிக்கிழமையே பெல்ட்டை மாற்றி, தூசியைத் துடைத்து, பேக் வைக்காமல் ஒரு நிமிஷம் சுற்றவிட்டாள். அடியிலிருந்து காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சு. குனிந்து பார்த்து ஒரு சொட்டுக் கிரீஸ் வைத்தாள். சத்தம் செத்துப்போனது. வாத்தியார் கைதட்டினார்.

அடுத்த வாரம் பேக்கை வைத்தார்கள். நான்கு நிமிஷம் அழகாகப் படித்தது. பிறகு பிழைக்கு மேல் பிழை வந்து, ஹெட்டுகள் தாமாகவே பின்வாங்கிக்கொண்டன. மறுவாரமும் அதே கதை. கோளாறு எலெக்ட்ரானிக்ஸில்தான் என்று வாத்தியார் அடித்துச் சொன்னார். சர்க்யூட் போர்டுகளை ஒவ்வொன்றாக உருவி, சோதித்து, பற்றவைத்துச் செருகினார். இப்படியே மொத்தம் ஆறு வாரம் போயிற்று. அவருடைய மனைவி, சனிக்கிழமை என்று ஒரு நாள் இருந்ததே மறந்துவிட்டது என்று அக்காவிடம் போனில் புலம்பினார்.

ஆபரேட்டரம்மா மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். டிரைவை எப்போது போட்டார்கள், எப்போது நின்றது, அறையில் எவ்வளவு சூடு, காற்றில் எவ்வளவு ஈரம். ஈரம் பார்க்க வீட்டிலிருந்து ஒரு முள் கடிகாரம் மாதிரிக் கருவியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்தார். வானிலை அறிக்கை வாசிக்கப் போகிறீர்களா என்று வாத்தியார் சீண்டுவார். மெஷின் ரூமில் எழுதாதவள் ஆபரேட்டரே இல்லை என்பார் ஆபரேட்டரம்மா.

எட்டாவது சனிக்கிழமை வாத்தியார் முடிவுக்கு வந்துவிட்டார். ஹெட்டையே மாற்றிவிடலாம், உதிரி ஒரு ஜோடி இருக்கிறது என்றார். ஒரு மயிரிழை கோணலாகப் பொருத்தினாலும் அது பேக்கை உழுதுவிடும் என்று மூன்று பேருக்கும் தெரியும். வேறு வழியும் தெரியவில்லை. அவர் வெள்ளைத் துணியை விரித்து, அறுவை சிகிச்சைக்குப் போகிற மாதிரி திருப்புளிகளை அடுக்கினார்.

கையைப் பிசைந்துகொண்டு நின்ற அக்கா, பார்வையை வேறு எங்காவது வைக்க வேண்டும் என்று நோட்டைப் புரட்டினாள். நான்கு நிமிஷம். மூன்றரை. நான்கு. பதினொன்று. மூன்று. பத்து. பதினொன்றும் பத்தும் ஓடியது இரண்டு நாள் மட்டும்தான். இரண்டு நாளும் வெளியே மழை கொட்டியது அவளுக்கு நினைவிருந்தது. நோட்டிலும் அந்த நாட்களில் ஈரத்தின் அளவு ஏறித்தான் இருந்தது. மழையில் நன்றாக ஓடுகிற மெஷின் எது?

அவளுக்குத் துணி உலர்த்தும் மெஷின் ஞாபகம் வந்தது. வறண்ட நாளில் அதிலிருந்து நைலான் துணியை எடுத்தால் சடசடவென்று பொறி தட்டும், கையில் ஒட்டிக்கொண்டு விடாது. மழை நாளில் சாதுவாக இருக்கும். சுற்றுகிற எதிலும் மின்சாரம் சேரும். இந்தத் தட்டுகளிலும் சேரும். சேர்ந்தது இறங்காமல் பொறி தட்டினால் ஹெட் படிப்பதெல்லாம் குழம்பிவிடும். இறங்க ஒரு வழி வேண்டுமே?

வழி இருந்தது. சுழலும் தண்டின் அடிநுனியில், செப்புத் தகட்டின் முனையில் ஒரு கறுப்புக் கார்பன் பொட்டு உரசிக்கொண்டிருக்கும். உரசுவதுதான் அதன் வேலை, கத்துவது அதன் சுபாவம். அந்த வாயைத்தான் அவள் முதல் நாளே கிரீஸ் வைத்து அடைத்திருந்தாள்.

எட்டு வாரம். எல்லோருடைய எட்டு வாரம். சத்தமில்லாமல் குனிந்து துடைத்துவிட்டு, தானாகச் சரியாயிற்று என்று விட்டுவிடலாமா என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. ஆனால் வாத்தியாரின் கை ஹெட்டுக்கு அருகில் போயிருந்தது.

"சார், திருப்புளியக் கீழ வைங்க."

"நான் இன்னும் தொடவே இல்லம்மா."

"தொடாதீங்க. கோளாறு ஹெட்ல இல்ல சார். என் கையில."

ஒன்றுவிடாமல் சொன்னாள். வாத்தியார் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"நாப்பது போர்டு," என்றார் ஆபரேட்டரம்மா, ரொம்பப் பதவிசாக.

"நாப்பத்திரெண்டு," என்றார் வாத்தியார். "அதுல ரெண்டு நிஜமாவே செத்துதான் கெடந்துச்சு. அதையும் எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்துவிட்டார். ஆபரேட்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே தரையில் மல்லாந்து படுத்து டிரைவுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மூன்று தடவை துடைத்தாள். கார்பன் பொட்டின் முகத்தை நைசான உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தாள். தண்டிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு மின்சாரம் பாய்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தாள். முள் துள்ளியது.

டிரைவைப் போட்டார்கள். கீச்சென்று அலறிக்கொண்டு கிளம்பியது. அக்காவின் கை பழக்கதோஷத்தில் பையிலிருந்த கிரீஸ் டப்பாவுக்குப் போனது. "அடியே, கையக் கட்டுடி," என்றார் ஆபரேட்டரம்மா. கட்டிக்கொண்டாள்.

நான்கு நிமிஷம் தாண்டியது. வெளியே நல்ல வெயில், சுவரில் ஈரமுள் அடியில் கிடந்தது. பதினொன்று. ஆபரேட்டரம்மா நிமிஷத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபதுக்கு மேல் சொல்ல மறந்துவிட்டார், ஏனென்றால் கணினி முழுதாக விழித்துக்கொண்டு, அவர் தட்டிய முதல் கட்டளைக்குப் பதில் தந்தது. மூலையில் இருந்த அச்சுப்பொறி கடகடவென்று பொரிய ஆரம்பித்தது. பேக்கில் இருந்த கோப்புகளின் பெயர்கள் எல்லாம் மடிப்பு மடிப்பாகத் தரையில் வந்து விழுந்தன. வாத்தியார் மண்டியிட்டு, ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். அவற்றில் பாதி என்னவென்று அவருக்கே தெரியாது.

"அவ்வளவும் இருக்கா சார்?" அக்கா அந்தக் கீச்சுக்கு மேலே கத்திக் கேட்டாள்.

"அவ்வளவும் இருக்கும்மா. ஒரு கீறல் இல்ல."

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. மதியம் கிடங்கைப் பூட்ட வந்த காவலாளி, காதைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று, இந்த இரைச்சலை எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் சாவிக்கொத்தை மேஜையில் போட்டுவிட்டு, காகிதம் வந்து விழுவதைப் பார்க்க உள்ளே வந்தார்.